பல்லும் முள்ளும்

தஞ்சாவூர்,
20-8-1973

அன்புள்ள அக்கா,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணிக்கு உன் தம்பி ரேடியோவில் பேசப்போகிறான். பத்து நிமிடம். தலைப்பு 'நெல்லும் ஈரமும்'. திருச்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அதில் 'திரு. இராஜாங்கம், பொறியாளர்' என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நாலைந்து முறை படித்துவிட்டேன்.

என் நெல்மானியை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மாசியில் நான் ஊருக்குக் கொண்டுவந்தது பிஸ்கட் டப்பாவும் இரண்டு தகடும்தானே. இப்போது பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி; நாகூர் இப்ராஹிம் தேடிக் கொடுத்த கப்பல் சரக்கு மீட்டர். தகடுகளுக்கு நடுவில் ஒரு பிடி நெல்லைப் போட்டு அழுத்தினால், ஈரம் இருக்கும் அளவுக்கு மின்சாரம் பாயும், முள் நகரும். எண்களைக் கண்டால் ஜனங்கள் மிரள்கிறார்கள். அதனால் நீ களத்தில் சொல்லும் சொற்களையே எழுதிவிட்டேன்: பச்சை, இன்னும் ஒரு வெயில், காய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், நானே வரைந்தது. சந்தை சந்தையாகப் போய்க் கதை சொல்லிக் காட்டுகிறேன். ஒரத்தநாட்டில் மாடு பிடிக்க வந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள்.

நீ பல்லால் கடித்து ஈரம் சொன்ன முந்நூறு டப்பா நெல்தான் அந்த முள்ளுக்கு ஆதாரம். கல்லூரி ஆய்வுக்கூடத்து அடுப்பில் இருபது டப்பாதான் காயவைத்துப் பார்க்க முடிந்தது; இருபதும் உன் சொல்லோடு ஒத்துப்போயின. குறுவை நெல்லையும் கடித்துப் பார்த்த பிறகு விற்கச் சொன்னாய். அதற்கு அறுப்பு வரை காத்திருக்க வேண்டும். அறுப்புக்கு முன்பே பெட்டி கைக்குப் போனால்தான் விற்கும். சம்பாவுக்குச் சரியாக இருப்பது குறுவைக்கும் சரியாகத்தான் இருக்கும். நெல் நெல்தானே அக்கா.

பட்டறை இருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரர் ஐயாவுவுக்கு என்னைவிட மகிழ்ச்சி. யார் வந்தாலும் "நம்ம பிள்ளை" என்று என்னைக் காட்டுகிறார்.

மாமாவையும் தெருவையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார்.

உன் தம்பி
இராஜாங்கம்


நெடுவாய்க்கால், கீழத்தெரு,
28-8-1973

தம்பி இராஜாங்கத்துக்கு அக்கா வேம்பு எழுதுவது.

உன் கடிதத்தை உன் மாமா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "பொறியாளர்னா இன்ஜினியரா, அதுக்கும் மேலயா?" என்றார். மேலே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வந்து இல்லையென்று சொல்லிவிடாதே.

பக்கத்து வீட்டுக் காளியம்மாள் அன்றைக்குக் கட்ட நல்ல புடவையை எடுத்து வைத்துவிட்டாள். "ரேடியோவுக்குள்ளேர்ந்து அவன் நம்மளப் பாக்க முடியாதுடி" என்றேன். "அவனுக்குத் தெரியாட்டி என்ன, நமக்குத் தெரியுமுல்ல" என்கிறாள்.

எல்லாரும் ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். என் பேரைச் சொல்லுவாயா என்று. வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

குறுவை விஷயம் மறுபடி சொல்கிறேன். அது குட்டை நெல், உருண்டை. பல்லுக்கு நடுவில் வேறு மாதிரி உட்காரும். சம்பாவில் நறுக்கென்றால் காய்ந்தது. குறுவை ஈரமாக இருக்கும்போதே அப்படிச் சத்தம் போட்டு ஏமாற்றும். எனக்கே இது பிடிபட இரண்டு வருஷம் ஆயிற்று. உன் தகடு எப்படி உடனே கண்டுபிடிக்கும்? அறுப்புக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது. பொறு.

என் கடி விளையாட்டில்லை என்று உனக்குத் தெரியும். அறுபத்தொன்பதில் கூலிப் போராட்டத்தில் உன் மாமா மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் பண்ணையில் அதை ஒத்துக்கொண்டார்கள். கூலி நெல்லை அளக்கும் முன்னால் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி குவியலின் நாலு மூலையிலும் எடுத்துக் கடிப்பாள். அவள் துப்பினால் அந்தக் குவியலை அன்றைக்கு அளக்கக் கூடாது. ஈர நெல்லை வாங்கிவந்தால் காய்ந்ததும் வற்றிப்போகும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். முளைத்த நெல்லை எத்தனை வருஷம் குத்திக் காய்ச்சிக் குடித்தோம். அந்த வாடை உனக்கு மறந்திருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள்.

வேம்பு


தஞ்சாவூர்,
22-9-1973

அன்புள்ள அக்கா,

நான் பேசிப் பதின்மூன்று நாளாகிறது. உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. ரேடியோ பழுதா? மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?

இங்கே நல்ல பேச்சு. பட்டறைக்குத் தினமும் யாராவது தேடி வருகிறார்கள். ஒன்பது பெட்டிகள் போய்விட்டன. ஒன்று நம் ஊர்ப் பண்ணைக்கே. ஏஜெண்டு தங்கையன் நேரில் வந்து, "ஒன் பேச்சக் கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்று வாங்கிப் போனான். நல்லவேளையாக ஐயாவு அப்போது இங்கே இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேச்சை முதலில் எழுதியபோது பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. சிரிக்க வைத்தால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று சந்தையில் கற்றுக்கொண்டிருந்தேன். அதனால் நடுவில் ஒரு வரி சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை, நானேதான். கேட்டிருந்தால் எந்த வரி என்று உனக்குத் தெரியும். அது உன்னைச் சொன்னதில்லை அக்கா. பொதுவாகச் சொன்னது.

பொதுவாக என்று எழுதும்போது எனக்கே சரியாகப் படவில்லை. ஒரு வார்த்தை எழுது.

இராஜாங்கம்


நெடுவாய்க்கால்,
2-10-1973

தம்பி,

ரேடியோ பழுதில்லை. நன்றாகவே கேட்டது.

நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். நீ வணக்கம் என்றதும் காளியம்மாள் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம் ஊர்களில் இன்றைக்கும் நெல்லைக் கடித்துத் துப்பி, காய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். இந்த மூடப்பழக்கம் இன்னும் எத்தனை நாளைக்கு? பல் விழுந்தால் கிழவியின் விஞ்ஞானமும் விழுந்துவிடுமே!"

முதலில் பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். அப்புறம் நம் தெருப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை. மாசியில் உன் டப்பாக்களைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல் மாட்டிக் கடைவாய்ப் பல் விண்டுவிட்டது. ஆடியில் பிடுங்கினார்கள். மீதி டப்பாக்களை மறுபக்கத்தில் கடித்தேன். அதனால் உனக்கு எதுவும் தப்பாகியிருக்காது.

கிழவி என்றதுகூடப் போகட்டும். மூடப்பழக்கம் என்றாயே. சுயமரியாதைக்காரர்கள் நம் தெருவில் மேடை போட்டு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவள் நான். நம்மைத் தொட்டால் தீட்டு என்பது மூடப்பழக்கம், மேலத்தெருவில் நாம் செருப்புப் போடக் கூடாது என்பது மூடப்பழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு நிமிரும். அதை எடுத்து என் வாயிலேயே அடித்துவிட்டாய்.

போன புதன்கிழமை களத்தில் குவியல் போட்டிருந்தது. முந்தின நாள் மழை. நான் மூலைக்குப் போனேன். தங்கையன் உன் பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நீ எதுக்குடி கடிக்கிற? ஒன் தம்பியே ரேடியோவுல சொல்லிட்டானே, அது மூடப்பழக்கம்னு" என்றான். முள் 'காய்ந்தது' என்று நின்றது. நான் கடித்துத் துப்பினேன். பச்சை ஈரம். அவன் அளக்கச் சொல்லிவிட்டான். நாலு வீட்டார் பசிக்கு வாங்கிவந்தார்கள். அந்த நாலு வீட்டிலும் இன்று நெல் முளைவிட்டிருக்கிறது. மற்றவர்கள் கூலி வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். வேலை நிற்கிறது. போலீஸ் வண்டி தினமும் வருகிறது, உன் மாமா பேரைச் சொல்லிக் கேட்கிறது. பத்தொன்பதாம் தேதி மன்னார்குடியில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை.

இனி நான் கடித்துத் துப்பினால் யார் கேட்பார்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்.

வேம்பு


தஞ்சாவூர்,
7-10-1973

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையில் படித்தேன். எதிரில் ஐயாவு இருந்தார். என் முகத்தைப் பார்த்து, "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்றேன்.

உன் பல்லைப் பற்றி எழுத மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

குறுவை நெல் வாங்கிவந்து நேற்றும் இன்றும் சோதித்தேன். நீ சொன்னதுதான் சரி. உருண்டை நெல் தகட்டோடு படியவில்லை, நடுவில் காற்று நிற்கிறது, மின்சாரம் குறைவாகப் பாய்கிறது. ஈர நெல்லைக் காய்ந்தது என்கிறது. என் பெட்டி பொய் சொல்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெட்டியின் பின்னால் ஒரு திருகு உண்டு. கால் சுற்றுத் திருப்பினால் குறுவைக்குச் சரியாகிவிடும். பழுது பார்க்க வந்ததாகச் சொல்லிப் பண்ணைக்கு வருகிறேன். மற்ற எட்டு இடத்துக்கும் அப்படியே போகிறேன். அதன் பிறகு முள்ளே பச்சை என்று காட்டும், தங்கையன் வாய் அடங்கும், உன் சொல்லும் நிலைக்கும். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். பட்டறை தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பெட்டி பொய் சொல்லும் என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால் நான் எழுந்திருக்கவே முடியாது. ரேடியோவில் மறுபடி கூப்பிட்டால் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் தேதி நான் வருவது அவசியமா? அவசியம் என்றால் எழுது.

இராஜாங்கம்


நெடுவாய்க்கால்,
11-10-1973

தம்பி,

அவசியமா என்று கேட்டிருக்கிறாய். இதைக் கேட்க ஒரு தபால் தலையை வீணாக்கியிருக்க வேண்டாம்.

ஊர் உலகமெல்லாம் கேட்க என்னை ஏசினாய். இப்போது யாருக்கும் தெரியாமல் திருகைத் திருப்பிச் சரிக்கட்டப் பார்க்கிறாய். உனக்குத் திருப்பத் தெரிந்தால் தங்கையனுக்கும் நாளைக்குத் தெரியும். அவன் வீட்டில் திருப்புளி இல்லையா? பெட்டி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பண்ணையின் கையில் இருக்கிறது. என் பல் என் வாயில் இருக்கிறது. அதற்குத்தான் உன் மாமா ஜெயிலுக்குப் போனார்.

உன் பெட்டி மேல் எனக்குக் கோபமில்லை. நான் கடித்துக் கொடுத்த பெட்டிதானே. களத்தில் அதுவும் இருக்கட்டும், நானும் இருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் அளக்கட்டும். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் ஒரு வெயில் காயட்டும். இது ஒரு நியாயமான பேச்சா இல்லையா? ஆனால் நான் சொன்னால் கீழத்தெருக்காரி சொன்னதாக இருக்கும். நீ சொன்னால் பொறியாளர் சொன்னதாக எழுதிக்கொள்வார்கள்.

வந்து உனக்குத் தெரிந்ததைச் சொல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

வேம்பு


நெடுவாய்க்கால்,
21-10-1973

தம்பி,

கூலி நெல் அளந்தாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கவலைப்படுவாய்.

நீ நன்றாகப் பேசினாய். நான் தாலுக்கா ஆபீஸ் தாழ்வாரத்தில், சன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. "என் கருவி குறுவை நெல்லுக்குத் தவறாகக் காட்டுகிறது. தவறு என்னுடையது" என்றாய். தங்கையன் ஏதோ சொல்ல வந்ததைப் பண்ணையே கையமர்த்திவிட்டார். அப்புறம், "நெல்லைக் கடித்துப் பார்ப்பதை நான் மூடப்பழக்கம் என்றது என் அறியாமை. ஒரு பெண் கடித்துச் சொன்னதை வைத்துத்தான் இந்த முள்ளையே வைத்தேன்" என்றாய். கதவோரம் நின்ற உன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தாசில்தார் கேட்டார். "யாருய்யா அந்தப் பொம்பளை? வந்திருக்காங்களா?"

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். எழுந்திருப்பதற்காகச் சன்னல் கம்பியைப் பிடித்தேன்.

நீ சொன்னாய், "ஊர்ல ஒரு பொம்பளை சார்."

அதை எழுதிக்கொண்டார்கள். நான் கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் காளியம்மாள் இருந்தாள். "ஒறவுன்னு சொன்னா சாட்சி செல்லாதுன்னு யோசிச்சிருப்பாண்டி" என்றாள். அவள் உன்னை என்னைவிட நல்லவனாக நினைக்கிறாள்.

பேச்சுவார்த்தையில் நாம் கேட்டது கிடைத்துவிட்டது. பெட்டியும் பல்லும் ஒத்துப்போனால்தான் அளப்பது என்று கையெழுத்தாகியிருக்கிறது. நேற்று நான் கடித்தேன், காய்ந்தது என்றேன், அளந்தார்கள். தெருவே சந்தோஷமாக இருக்கிறது. நீ வந்து சொன்னதால்தான் நடந்தது. அதை ஒருநாளும் மறக்க மாட்டேன்.

மற்றதையும் மறக்க முடியவில்லை. நீ காரில் ஏறும்போது உன் மாமா உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நீ கூட வந்த பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தாய். கையை இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வேம்பு


தஞ்சாவூர்,
25-10-1973

அக்கா,

காளியம்மாள் சொன்ன காரணத்தை நானும் உனக்கு எழுதலாம். உறவு என்று தெரிந்தால் என் சாட்சிக்கு மதிப்பிருக்காது, அதனால்தான் மறைத்தேன் என்று. நீ நம்பவும் செய்வாய். ஆனால் அது பொய். அந்த நேரத்தில் எனக்குச் சாட்சியும் நினைவில் இல்லை, சட்டமும் நினைவில் இல்லை. எனக்குப் பின் நாற்காலியில் ஐயாவு உட்கார்ந்திருந்தார். துணைக்கு வருகிறேன் என்று தன் காரில் கூட்டிவந்தவர். அவருக்கு நான் நம்ம பிள்ளை. எந்தத் தெருப் பிள்ளை என்று அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இரண்டு வருஷமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர் வரும் நேரத்தில் உன் கடிதங்களை மேசைக்குள் வைத்துப் பூட்டுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சன்னலில் உன் விரல்களைப் பார்த்தேன். எனக்குச் சோறு ஊட்டிய விரல்கள், தெரியாமல் இருக்குமா? பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

திங்கட்கிழமை, உன் கடிதம் வருவதற்கு முன்பே, மறுபடி தாலுக்கா ஆபீஸுக்குப் போனேன். 'ஊர்ல ஒரு பொம்பளை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'என் உடன்பிறந்த அக்கா வேம்பு, கீழத்தெரு, நெடுவாய்க்கால்' என்று எழுதச் சொன்னேன். கையெழுத்தாகிவிட்டது, இனித் திருத்த முடியாது என்றார் குமாஸ்தா. "ஒங்க பக்கம்தான் ஜெயிச்சாச்சே தம்பி, இன்னும் என்ன?" என்று கேட்டார்.

திரும்பி வந்ததும் ஐயாவுவிடம் எல்லாம் சொன்னேன். ஊர், தெரு, அந்தப் பொம்பளை யார் என்பது. "அப்படியா" என்றார். அப்புறம், "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று நாளாகப் பட்டறைப் பக்கம் வரவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு வாயைத் திறந்தேன். பெட்டி வாங்கிய மற்ற எட்டுப் பேருக்கும் தவறை ஒத்துக்கொண்டு எழுதிவிட்டேன். அது சுலபமாக இருந்தது. பெட்டியைப் பற்றிய உண்மையெல்லாம் எனக்குச் சுலபமாக வருகிறது.

நவம்பர் நான்காம் தேதி ஊருக்கு வரலாம் என்று நினைக்கிறேன். வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். உள்ளேயிருந்து யார் என்று நீ கேட்டால், ஊரில் ஒரு பையன் என்று சொல்லும் தகுதிதான் எனக்கு இருக்கிறது. கதவு திறக்காவிட்டால் திரும்பிவிடுவேன்.

இராஜாங்கம்


நெடுவாய்க்கால்,
29-10-1973

தம்பி,

நான்காம் தேதி நான் வீட்டில் இருக்க மாட்டேன். பண்ணையில் அன்றைக்குக் கடைசிக் களம்.

வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? எனக்கும் உன் மாமாவுக்கும் கேட்கும். நீ யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சொல்ல நீ பஸ் ஏறி வர வேண்டாம்.

களத்துக்கு வா. பத்து மணிக்குக் குவியல் போட்டுவிடுவார்கள். பண்ணை வருவார், தங்கையன் பெட்டியோடு நிற்பான், மேலத்தெரு ஆட்களும் இருப்பார்கள். நான் மூலை நெல்லைக் கையில் எடுத்து வைத்திருப்பேன். வரப்பில் வரும்போதே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என்னை என்னவென்று கூப்பிடுவாயோ அப்படிக் கூப்பிடு. அதைக் கேட்ட பிறகுதான் நெல்லை வாயில் போடுவேன். அதுவரை ஒருத்தரையும் அளக்க விட மாட்டேன்.

வேம்பு